மல்லாட்டைக்குள் இரு செடிகள்

கேள்வி: மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) 40 குரோமோசோம்கள் என்றும், அதன் காட்டு மூதாதைகளுக்கு 20 தான் என்றும் கல்லூரியில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். அப்படியானால் எண்ணெய் தொடர்பான மரபணுக்களும் இரு மடங்கு வேலை செய்ய வேண்டும் அல்லவா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: தங்கள் மகள் சொல்வது சரியே. தென் அமெரிக்காவில் அராக்கிஸ் டுரானென்சிஸ், அராக்கிஸ் இபாயென்சிஸ் என்னும் இரு காட்டுச் செடிகள் கலந்து, இரண்டின் குரோமோசோம்களும் முழுமையாகத் தங்கிவிட்டதால் உண்டானதே நம் மல்லாட்டை. ஆகவே பெரும்பாலான மரபணுக்கள் அதில் மூதாதைக்கு ஒன்றாக இரு வடிவங்களில் உள்ளன.

ஆனால் மரபணு இருப்பது வேறு, அது வெளிப்படுவது வேறு. மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. என்னும் நகல் படியெடுக்கப்பட்டு, அதைக் கொண்டு புரதம் உருவானால்தான் செடிக்குப் பயன். இப்படி இரண்டுக்கும் மேற்பட்ட குரோமோசோம் தொகுதிகள் கொண்ட பன்மடியப் பயிர்களில் சில மரபணுக்களின் இரு வடிவங்களும் ஏறத்தாழச் சமமாக வெளிப்படுகின்றன. வேறு சிலவற்றில் ஒன்று ஓங்க, மற்றது அடங்கிவிடுகிறது. அடங்கியது அழிந்துவிட்டது என்று பொருளில்லை, டி.என்.ஏ.வின் மீது மெத்தில் தொகுதிகள் என்னும் சிறு வேதித் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு அதைப் பூட்டி வைத்திருக்கலாம். இதே வகைப் பயிரான பருத்தியின் பூவில் ஒரு பாகத்தில் ஒரு வடிவமும், இன்னொரு பாகத்தில் மற்ற வடிவமும் ஓய்ந்திருப்பதை 2003-இல் கண்டறிந்தார்கள். ஒரே பூவுக்குள் இப்படியொரு பங்கீடு நடப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பில் 100-க்கும் மேற்பட்ட குரோமோசோம்கள் இருப்பதால், அங்கே கணக்கு இன்னும் சிக்கலானது.

எண்ணெய்க்கு வருவோம். ஓலிக் அமிலம், லினோலிக் அமிலம் இரண்டும் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள். முன்னதைப் பின்னதாக மாற்றும் நொதிக்கான மரபணு, மல்லாட்டையில் இரு மூதாதைகளின் வழியாகவும் வந்திருக்கிறது. லினோலிக் அமிலம் காற்றுப்பட்டால் எளிதில் கெடும். உடைத்து வைத்த பருப்பைச் சில மாதம் கழித்து விரலால் நசுக்கினால் எழும் காறல் வாடைக்கு இது முக்கியக் காரணம். இந்த மரபணுவின் ஒரு வடிவம் மட்டும் பழுதானால், மற்றது வேலையைத் தொடர்வதால் ஓலிக் அமிலம் ஓரளவே கூடும். இரண்டும் பழுதானால்தான் 80 விழுக்காடு அளவுக்கு உயரும். அத்தகைய செடியைச் சாதாரணச் செடியோடு கலப்புச் செய்தால், இரண்டாம் தலைமுறையில் சராசரியாக 16 செடிகளில் ஒன்றே முழுப் பண்புடன் தேறும். கிர்னார் 4, கிர்னார் 5 ஆகிய இந்திய இரகங்கள் இந்தப் பண்பு கொண்டவை. பருப்பைக் கண்ணால் பார்த்து இதை அறிய இயலாது. எண்ணெயின் அமில விகிதத்தை ஆய்வகத்தில் அளந்தோ, மரபணுச் சோதனை செய்தோதான் உறுதிசெய்ய வேண்டும்.