மாப்பிள்ளை வரலையா?

அன்புள்ள மேடத்துக்கு,

வணக்கம். நான் சென்னையில் இருக்கிறேன். வயது 46. மகள் கல்லூரியில் படிக்கிறாள், மகன் ப்ளஸ் டூ. பிறந்தது காரைக்குடிப் பக்கம். ஊர்ப் பெயர் வேண்டாம், சொன்னால் எங்கள் ஆட்கள் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

பிள்ளையார் நோன்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய் வந்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தார் நாங்கள் எந்த ஊரில் இருந்தாலும் கூடி இழை எடுத்துக்கொள்வோம். கோடி வேட்டியிலிருந்து உருவிய 21 நூலைத் திரித்து, இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். மூத்தவர்கள் கையால் வாங்கிக்கொள்வது வழக்கம். சின்ன வயதில் நாக்கு சுட்டுவிடும் என்று பயந்து கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறப்பேன், எங்கள் அப்பச்சி, அதாவது அப்பா, சிரிப்பார்கள். அவர்களுக்கு இப்போது 80 வயது. இன்னும் எத்தனை நோன்புக்கு அந்தக் கையால் வாங்கிக்கொள்ளப் போகிறோம் என்றுதான் ஆசையாகக் கிளம்பினேன். போகாமலே இருந்திருக்கலாம்.

பல்லவன் ரயிலில் போய் இறங்கி வீடு சேரும்போது ராத்திரி பத்தரைக்கு மேல். எங்கள் ஆத்தா இருந்தவரை நான் போனால் வளவில், நடு முற்றத்தை ஒட்டி இருக்கிற அவர்கள் அறையில்தான் படுப்பேன். இந்த முறை அது பூட்டிக் கிடந்தது. அண்ணி, "மாடியில காத்து நல்லா வரும், அங்க படுத்துக்கங்க" என்றார்கள். மார்கழியில் யாருக்கு வேண்டும் காற்று? சாவியைக் கேட்டேன். எங்கோ வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். பிறந்த வீட்டில் ஒரு அறைக்கு நான் சாவி கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் அறை திறந்தபோதுதான் காரணம் புரிந்தது. ஆத்தாவின் கல்யாணச் சாமான்கள் பாதிக்கு மேல் இல்லை. பித்தளை அண்டாக்கள் இல்லை. பச்சை எனாமல் தூக்கு ஒன்று உண்டு, மூடியில் மட்டும் கொஞ்சம் உதிர்ந்திருக்கும், அதில்தான் எனக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சோறு வரும். அதுவும் இல்லை. பழைய சாமான் கடைக்காரர் வந்து எடுத்துப் போனாராம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் மழைக்கு வாளி வைத்திருக்கிறார்கள், ஓடு மாற்றவில்லை, ஆனால் ஆத்தா சாமானை விற்க மட்டும் தெரிகிறது.

இதைவிடக் கொடுமை வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் கேட்டது. வாசல் படி ஏறுவதற்குள் "மாப்பிள்ளை வரலையா?" பணியாரத் தட்டை நீட்டும்போது "மாப்பிள்ளை வரலையா?" எங்கள் பங்காளி வீட்டு ஆச்சி ஒருவர், "அவுக அங்க யார் வீட்டில இழை எடுத்துக்குவாக?" என்று விடாமல் கேட்டார்கள். நகரத்தார் சங்கத்தில் எடுத்துக்கொள்வார் என்று சொன்னேன். எந்தச் சங்கம் என்று அடுத்த கேள்வி. அடுத்தவர் வீட்டு விஷயத்தில் இவ்வளவு அக்கறை எதற்கு? இத்தனைக்கும் அவர் வருகிறேன் என்றுதான் சொன்னார், ஏப்ரலில் கம்பெனியில் ஆள் குறைத்ததிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார், நான்தான் நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன், அது வேறு விஷயம். ஆனால் வந்தவளை வந்ததற்காக விசாரிக்காமல் வராதவரைப் பற்றியே கேட்டால் என்ன அர்த்தம்?

அப்புறம் என் தோழி. எட்டாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பல வருடம் கழித்துக் காரைக்குடியில் நாலைந்து பேர் சந்தித்தோம். பேச எவ்வளவோ இருந்தது. அவள் என்னடாவென்றால் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் மகனுடைய பயோடேட்டாவை எடுத்து நீட்டுகிறாள். "உன் வீட்டுக்காரர் கம்பெனியில கொடுக்கச் சொல்லேன்" என்று. அதற்குத்தானா கூப்பிட்டாள்? தலைவலி என்று சொல்லிவிட்டுப் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். பயோடேட்டா என் பையிலேயே இருக்கிறது. அதன் பிறகு அவள் ஒரு மெசேஜ்கூடப் போடவில்லை. காரியம் ஆகாது என்றதும் அவ்வளவுதான் போலிருக்கிறது.

நோன்பன்று ராத்திரி மாடியில் போய் நின்று வீட்டுக்குப் போன் செய்தேன். கீழே இருப்பவர்கள் காதில் விழக்கூடாதே என்று. "இழை எடுத்தாச்சா?" என்று அவர்தான் என்னைக் கேட்டார். எடுத்தாச்சு என்றேன். சரி என்று வைத்துவிட்டார். இப்போதெல்லாம் அவ்வளவுதான் பேச்சு. ராத்திரி ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் ஹாலில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பார்.

பிறந்த வீட்டில் இனி எனக்கு என்ன இருக்கிறது? அடுத்த நோன்புக்குப் போவதா வேண்டாமா? அண்ணனிடம் சாமான்களைப் பற்றிக் கேட்டுவிடலாமா? தோழியை அப்படியே விட்டுவிடலாமா? மகளுக்கு இரண்டு வருடத்தில் வரன் பார்க்க வேண்டும், சொந்தத்தை முறித்துக்கொள்ளவும் முடியாது. மனது ஆறவே மாட்டேன் என்கிறது.

இப்படிக்கு,
பெயர் வேண்டாம்


அன்புள்ள சகோதரிக்கு,

முதல் தடவை படித்தபோது உங்கள் அண்ணி மேல் எனக்கும் கோபம் வந்தது. சாவியை ஒளித்தது சரியில்லை. எனாமல் தூக்கு போனது பெரிய இழப்பு, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அறை, சாமான், தோழி என்று வரிசையாகப் பதில் எழுத நான் உட்காரவில்லை. "அது வேறு விஷயம்" என்று நீங்கள் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனீர்களே, அங்கேயே நின்றுவிட்டேன்.

ஏப்ரலில் உங்கள் கணவருக்கு வேலை போயிருக்கிறது. இது மார்கழி. அண்ணியின் காற்றுக்கு ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள், இதற்கு அரை வரி. அந்த அரை வரிக்குள்ளேயே இன்னொன்றும் இருக்கிறது. அவர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் வேண்டாம் என்றிருக்கிறீர்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு குடும்பமே நோன்புக்கு ஊருக்குப் போயிருக்கிறது, அவர் மட்டும் பூட்டிய வீட்டில் இருப்பதுபோல் சென்னையில் இருந்திருக்கிறார். எந்தச் சங்கத்துக்கும் போகவில்லை என்று நினைக்கிறேன். போகக்கூடியவராக இருந்தால் போனில் அந்தக் கேள்வியை அவர் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்.

உங்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை, கொஞ்சம் திட்டத்தான் செய்கிறேன். நீங்கள் அவரை விட்டுவிட்டுப் போனது கொடுமை செய்ய இல்லை, காப்பாற்ற. மகளின் வரன், அப்பச்சியின் வயது, அண்ணன் முன்னால் தாழ்ந்துபோகக்கூடாது என்ற வீம்பு, எல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவருக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும்? "என்னை நாலு பேர் முன்னால் காட்ட முடியாது என்று நினைக்கிறாள்" என்றுதான் சேர்ந்திருக்கும். கம்பெனி ஒரு முறை அவரை வேண்டாம் என்றது. வீடு இரண்டாவது முறை சொல்லிவிட்டது.

வேலை போனால் சம்பளம் மட்டும்தான் போகிறது என்று நினைக்கிறோம். 1930 வாக்கில் ஆஸ்திரியாவில் மாரியன்தால் என்ற ஊரில் இருந்த ஜவுளி ஆலை மூடப்பட்டபோது, மாரி யஹோடாவும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் அங்கே என்ன நடக்கிறது என்று கவனித்து எழுதினார்கள். ஊரில் எல்லோருக்கும் நேரம் நிறைய இருந்தது, ஆனால் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோனது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே குறைந்தது. அவசரமாகப் போக இடமில்லாதவன் எதற்கு வேகமாக நடக்க வேண்டும்? காலையில் எழுந்ததும் நான் இன்னார் என்று சொல்லிக்கொள்ள ஏதாவது வேண்டும். உங்கள் கணவரிடம் அப்படி மிச்சம் இருந்தவற்றில் ஒன்று, உங்கள் பிறந்த வீட்டில் அவர் மாப்பிள்ளை என்பது. அங்கே யாரும் சம்பளச் சீட்டைக் கேட்டு இலை போடுவதில்லை.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். "மாப்பிள்ளை வரலையா?" நான் தேவகோட்டைப் பக்கத்துக்காரி. எங்கள் பக்கத்தில் மகள் தனியாக வந்தால் "வா" என்பதற்கு அடுத்த வார்த்தையே அதுதான். அந்த ஆச்சிமார்களுக்கு எதுவும் தெரியாது. தெரியாமல் கேட்டது உங்கள் காதில் போலீஸ் விசாரணை மாதிரி விழுந்திருக்கிறது, ஏனென்றால் நீங்கள் ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு நின்றீர்கள். மறைக்கிறவர்களுக்கு இதுதான் வரும். கேள்வி கேட்கிறவர்களால் மட்டும் களைப்பு வருவதில்லை, யாரும் கேட்காத நேரத்திலும் மனது அதையே சுற்றிக் காவல் காக்கும். நீங்கள் ஊரில் இருந்த நேரம் முழுவதும் காவலில் இருந்திருக்கிறீர்கள். அப்பச்சி கையால் இழை வாங்கத்தானே போனீர்கள்? வாங்கிய நிமிடம் எப்படி இருந்தது என்று கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை.

தோழி விஷயத்தில் நான் அவள் கட்சி. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளிடம் மகனுக்கு ஒரு வழி கேட்காமல் வேறு யாரிடம் கேட்பாள்? அவள் கேட்டது உங்களுக்குப் புண்ணில் பட்டது. அது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் பார்த்ததெல்லாம், மகன் பேச்சை எடுத்ததும் தலைவலி என்று எழுந்துபோன ஒரு சிநேகிதியை. அவள் மெசேஜ் போடாததற்கு "காரியம் ஆகாது" என்பது காரணமாக இருக்காது. கேட்டது தப்போ என்று கூசிப்போயிருப்பாள்.

வேலை போனதை ஊரில் வெட்கமாக நினைப்பார்கள் என்கிற பயத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதுவும் செட்டிநாட்டில்! உங்கள் வீட்டு முகப்பில் தேக்குத் தூண் இருந்தால் அது அநேகமாக பர்மாவிலிருந்து வந்ததாக இருக்கும். 1930களின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் நிலத்தில் நாலில் ஒரு பங்கு செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. 1942இல் ஜப்பான் படை வந்தது. போட்டது போட்டபடி கிளம்பினார்கள், காட்டு வழியாக நடந்து வந்தவர்கள் உண்டு. பர்மா சுதந்திரம் அடைந்த பிறகு நிலத்தை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன இடத்தில் அத்தனையையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய ஐயாக்களை அந்த வளவுகள் பார்த்திருக்கின்றன. அவர்களுக்கும் அந்த வருடம் நோன்பு வந்தது, இழை எடுத்துக்கொண்டார்கள். உங்கள் அப்பச்சிக்கு இந்தக் கதைகள் என்னைவிட நன்றாகத் தெரியும். 80 வயதில் தாங்கமாட்டார்கள் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். அவர்களைக் கேட்டீர்களா?

அண்ணனையும் நீங்கள் கேட்கவில்லை. இரண்டாம் கட்டில் வாளி வைத்திருப்பதையும் அண்டாக்கள் போனதையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டு இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் விட்டிருக்கிறீர்கள். ஓட்டுக்குப் பணம் சேர்க்கத்தான் விற்றாரோ என்னவோ. அங்கேயும் ஒரு ஏப்ரல் இருக்கலாம். இது என் ஊகம்தான்.

சரி, செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஊர் பிறகு. முதலில் அவரிடம் பேசுங்கள். யோசனை சொல்லப் போகாதீர்கள், வேலை தேடினீர்களா என்ற பேச்சும் வேண்டாம். "நோன்புக்கு உங்களை விட்டுவிட்டுப் போயிருக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு அவர் பேசும்வரை பக்கத்தில் இருங்கள். உடனே பேசமாட்டார், அதற்காக எழுந்துவிடாதீர்கள். யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதை அவர் தீர்மானிக்கட்டும். வேலை அவருடையது, செய்தியும் அவருடையது. ஊருக்கெல்லாம் தண்டோரா போடச் சொல்லவில்லை. வரன் வீட்டார் எப்படியும் விசாரிப்பார்கள், அப்போது மறைத்தது தெரிந்தால்தான் பேச்சாகும்.

ராத்திரி இருட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தூக்கம் கெட்டு, பேச்சும் குறைந்துவிட்ட ஒருவரை மனநல மருத்துவரிடம் ஒருமுறை கூட்டிப் போவதில் தவறே இல்லை. சாப்பாடு குறைந்தாலோ, "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நல்லது" என்பதுபோல் எதையாவது சொன்னாலோ அன்றைக்கே போங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். நீங்களும் பேசலாம்.

அடுத்த நோன்புக்குப் போவதா என்று கேட்டிருந்தீர்கள். அவர் வந்தால் போங்கள். மாடியிலேயே படுத்துக்கொள்ளுங்கள், காற்று நன்றாக வருமாம்.

உங்கள் பையில் ஒரு பயோடேட்டா கிடக்கிறதே, அதை எடுத்து அவர் கையில் கொடுங்கள். அவர் கம்பெனியில் கொடுக்க முடியாது. ஆனால் இத்தனை வருடம் அந்தத் துறையில் இருந்தவருக்கு, அந்தப் பையன் அதில் எதைத் தப்பாக எழுதியிருக்கிறான், யாருக்கு அனுப்பினால் பிரித்தாவது பார்ப்பார்கள் என்று தெரியாமலா இருக்கும்? திருத்தி அனுப்பும்போது தோழியிடம் உண்மையைச் சொல்ல வேண்டிவரும். அந்த போனை நீங்கள் செய்கிறீர்களா, அவரே செய்கிறாரா என்று அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.