நிறுத்தி வைத்த காரை யாரோ இடித்துவிட்டார்கள்: இன்சூரன்ஸ் கிளைம் போடலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் வசிக்கிறேன், அரசுப் பள்ளி ஆசிரியை. போன தேய்பிறை அஷ்டமியன்று அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். கூட்டம் அதிகம் என்பதால் காரைச் சாலையோரம் நிறுத்தியிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் பின்பக்க பம்பர் விரிசல் விட்டிருக்கிறது, டிக்கிக்குப் பக்கத்தில் பெரிய சொட்டை, பெயின்ட்டும் உரிந்திருக்கிறது. இடித்தது யார் என்று தெரியவில்லை. தருமபுரி சர்வீஸ் சென்டரில் 14,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்தார்கள். தெரிந்த டிங்கர் பட்டறையில் 6,500 போதும் என்கிறார்கள். "வருஷா வருஷம் பணம் கட்டுற, கிளைம் போடுக்கா" என்கிறான் தம்பி. வீட்டுக்காரர் போலீஸில் புகார் கொடுக்கணும் என்கிறார். பாலிசியின் நகலை இணைத்திருக்கிறேன். கார் 1,197 சி.சி., வாங்கி ஐந்தாவது வருடம் நடக்கிறது, இதுவரை கிளைம் போட்டதில்லை. இன்னும் இரண்டு வருடத்தில் இதைக் கொடுத்துவிட்டுப் பெரிய வண்டி வாங்கும் எண்ணமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பூசணிக்காயில் விளக்கேற்றி, திருஷ்டி கழிந்தது என்று நிம்மதியாக வெளியே வந்தவருக்கு இப்படி ஆனது சங்கடம்தான். வண்டியோடு போகட்டும், ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் நீங்கள் கேட்டது கணக்கு, அதற்கு வருகிறேன்.

கிளைம் போடாதீர்கள். பட்டறையில் 6,500 கொடுத்துச் சரி செய்துகொள்ளுங்கள்.

உங்கள் தம்பி சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பணம் கட்டுவதே இதற்குத்தானே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் 14,000 ரூபாய் எஸ்டிமேட் என்றால் கம்பெனி 14,000 கொடுக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், அங்கேதான் பிசகு.

எஸ்டிமேட்டைப் பிரித்துப் பார்த்தேன். புது பம்பர் 4,500, சொட்டை எடுக்கவும் பொருத்தவும் கூலி 3,500, பெயின்ட் 6,000. எல்லாம் வரி சேர்த்து. உங்கள் பாலிசியில் ஜீரோ டெப்ரிசியேஷன், அதாவது தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் கவர், இல்லை. அப்படியென்றால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைக் கழித்துவிடுவார்கள். பம்பரில் 2,250 போச்சு. பெயின்ட் பில்லில் கால் பங்கைப் பொருளின் விலை என்று எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், அது 750. 1,500 சி.சி. வரையுள்ள கார் என்றால் ஒவ்வொரு கிளைமிலும் முதல் 1,000 ரூபாய் உரிமையாளர் பொறுப்பு. இதுவரை 4,000.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நீங்கள் அனுப்பிய பாலிசியின் இரண்டாம் பக்கத்தில் 'வாலண்டரி டிடக்டிபிள் 2,500' என்று ஒரு வரி இருக்கிறது, கவனித்தீர்களா? ஆன்லைனில் புதுப்பிக்கும்போது பிரீமியம் குறைகிறதே என்று யாரோ டிக் செய்திருக்கிறார்கள். கட்டாயமாகக் கழிக்கும் 1,000 போக இந்த 2,500ம் உங்கள் தலையில்தான். ஆக, 6,500 உங்கள் பையிலிருந்து போகும். கம்பெனி தருவது 7,500.

அந்த 6,500தான் பட்டறைக்காரர் கேட்கும் தொகையும். கிளைம் போட்டாலும் அதே பணம்தான் கையை விட்டுப் போகிறது. கிடைப்பது புது பம்பர் மட்டும்.

அந்தப் புது பம்பருக்கு நீங்கள் கொடுக்கும் உண்மையான விலை நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் போடாமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. கிளைம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45 என்று ஏறி ஐந்தாவது வருடத்தில் 50ஐத் தொடும். நீங்கள் இப்போது 45ல் இருக்கிறீர்கள். இந்த வருடமும் சும்மா இருந்தால் அடுத்த புதுப்பித்தலில் 50. ஒரே ஒரு கிளைம், தொகை எவ்வளவு சிறிதானாலும், பூஜ்யத்துக்கு இறக்கிவிடும். உங்கள் பாலிசியில் போனஸைக் காப்பாற்றும் கூடுதல் கவரும் இல்லை.

பலர் இதை ஒரு வருட நஷ்டமாக மட்டும் பார்க்கிறார்கள். அப்படியில்லை, பழைய படிக்கு ஏறி வர ஐந்து வருடம் ஆகும். போனஸுக்கு முன் உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம், அதாவது சொந்த வண்டியின் சேதத்துக்காகக் கட்டும் பங்கு, 6,000. இந்த போனஸ் அதற்கு மட்டும்தான். மூன்றாம் நபர் பிரீமியத்துக்கு, அதாவது உங்கள் வண்டி வகைக்கு 2022ல் அரசு 3,416 ரூபாய் என்று நிர்ணயித்த தொகைக்கு, இதனோடு சம்பந்தமே கிடையாது. கிளைம் போட்டால் முதல் புதுப்பித்தலில் அந்த 50 சதவீதத் தள்ளுபடி முழுக்கப் போய்விடும், 3,000 கூடுதலாகக் கட்டுவீர்கள். அதற்கடுத்து 20 சதவீத போனஸ் கிடைத்தாலும் 50க்கு 30 குறைகிறது, 1,800. பிறகு 1,500, 900, 300. கூட்டினால் 7,500. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 8,850. வண்டியின் மதிப்பு வருடத்துக்கு வருடம் இறங்குவதால் பிரீமியமும் இறங்கும், அதனால் இந்தத் தொகை கொஞ்சம் குறையலாம். ஆனாலும் இந்தக் கையில் 7,500 வாங்கி அந்தக் கையில் ஏறக்குறைய அதையே திருப்பிக் கொடுக்கிற கதைதான்.

மனதில் வைத்துக்கொள்ள எளிதான கணக்கு வேண்டுமா? 50 சதவீதத்தை எட்டிவிட்ட, எட்டப்போகிற ஒருவர் கிளைம் போட்டால் இழப்பது, போனஸுக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியத்தைப் போல ஒன்றேகால் மடங்கு. கம்பெனி தரப்போகும் பணம் அதைவிட நன்றாகக் கூடுதலாக இருந்தால்தான் கிளைமுக்குப் போக வேண்டும். இதே இடி டிக்கிக் கதவையும் நெளித்து எஸ்டிமேட் முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தால், யோசிக்காமல் கிளைம் போடுங்கள் என்றுதான் எழுதியிருப்பேன்.

நீங்கள் போகிறபோக்கில் சொன்ன பெரிய வண்டி விஷயம்தான் என் பார்வையில் முக்கியம். போனஸ் காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். பழைய வண்டியைக் கொடுக்கும்போது கம்பெனியிடம் அதற்கான சான்றிதழ் வாங்கிக்கொண்டால் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். புது வண்டியின் ஓன் டேமேஜ் பிரீமியம், பேச்சுக்கு 20,000 என்று வைத்துக்கொண்டால், முதல் வருடமே 10,000 மிச்சம். இந்தச் சொட்டைக்காக அதைக் கலைத்துவிடாதீர்கள். புதுப்பிக்கும் தேதியையும் தவறவிடாதீர்கள். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் கிளைமே போடாவிட்டாலும் போனஸ் காலாவதி.

பட்டறையில் விடும்போது ஒன்று: பெயின்ட் உரிந்து தகரம் தெரிகிற இடத்தில் துரு இருந்தால் அதைச் சுரண்டி, பிரைமர் அடித்த பிறகே பட்டி போடச் சொல்லுங்கள். பம்பர் விரிசலைச் சூடு வைத்து ஒட்டிவிடுவார்கள். ஐந்து வயது வண்டிக்கு அது போதும்.

அடுத்தது, கொஞ்சம் கசப்பான விஷயம். "வேறு பழைய கீறல்களையும் சேர்த்து, கேட்டில் மோதிவிட்டேன் என்று எழுதிக் கொடுங்கள், எல்லாம் ஒரே கிளைமில் முடிந்துவிடும்" என்று யோசனை சொல்ல ஆள் கிடைக்கும். கேட்காதீர்கள். நிறுத்தியிருந்தபோது அடையாளம் தெரியாத வண்டி இடித்தது என்பதே கம்பெனி ஏற்கும் காரணம்தான், பொய்க்கு அவசியமே இல்லை. வெவ்வேறு நாளில் விழுந்த அடி வெவ்வேறு கிளைம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கழிப்பார்கள். பொய் பிடிபட்டால் பிறகு பெரிய விபத்துக்குக்கூடப் பணம் கிடைக்காமல் போகலாம்.

போலீஸ் புகார் பற்றி உங்கள் வீட்டுக்காரருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 134 பிறர் சொத்துக்குச் சேதம் விளைவித்த ஓட்டுநருக்கும் கடமைகளைச் சொல்கிறது. இடித்துவிட்டு நழுவுவது தப்புதான். ஆனால் இடித்துவிட்டு ஓடும் வண்டிகளுக்கான அரசு நிவாரணம், இறந்தால் 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 என்று மனிதர்களுக்கு மட்டும். காருக்கு அதில் ஒன்றும் கிடையாது. புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைப்பதில் நஷ்டம் இல்லை. அதைவிட முதலில் கோயிலுக்கு எதிரே உள்ள கடைகளில் கேமரா இருக்கிறதா என்று கேளுங்கள். சீக்கிரம் போக வேண்டும், பழைய பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும்.

வண்டி எண் கிடைத்துவிட்டால் கணக்கே மாறும். அந்த வண்டியின் மூன்றாம் நபர் இன்சூரன்ஸிலேயே உங்கள் சேதத்துக்கு இழப்பீடு கேட்கலாம், உங்கள் போனஸுக்குப் பாதகம் வராது. ஆனால் அதற்கு மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் போக வேண்டும். 14,000 ரூபாய்க்குக் கோர்ட்டுப் படி ஏறி இறங்கினால் லீவும் பஸ் செலவும்தான் மிச்சம். ஸ்டேஷனிலேயே ஆளைக் கூப்பிட்டுப் பேசி, பட்டறைச் செலவை வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்து முடித்துக்கொள்வது உத்தமம்.

கடைசியாக அந்த 2,500 டிக். அதற்காக 750 ரூபாய் தள்ளுபடி என்று பாலிசி காட்டுகிறது. 45 சதவீத போனஸ் அதற்குப் பிறகே கழிக்கப்படுவதால் உண்மையில் மிச்சமானது 412 ரூபாய் சொச்சம், ஜி.எஸ்.டி. சேர்த்தாலும் 500 தேறாது. ஐந்து வருடத்தில் ஒரே ஒரு கிளைம் வந்தாலும் மிச்சம் பிடித்தது முழுக்கக் கரைந்துவிடும். நானாக இருந்தால் அடுத்த முறை அந்த டிக்கை எடுத்துவிடுவேன்.