பிசிஐஇ ஹாட்பிளக் டிரைவர்ல ஈவென்ட் வரிசை மாறுது, எப்படி சரி பண்றது?

நீங்க சொல்ற கேஸ் இதுதான்: மெஷின் ஓடிட்டு இருக்கும்போதே (அதுதான் ஹாட்பிளக்) பிசிஐஇ ஸ்லாட்ல இருக்கிற கார்டை உருவிட்டு உடனே வேற கார்டு சொருகினா, "கார்டு வந்துச்சு"ங்கிற வேலை முதல்ல ஓடுது, "லிங்க் (கார்டுக்கும் போர்ட்டுக்கும் நடுவுல இருக்கிற இணைப்பு) போச்சு" பின்னாடி ஓடுது, புது கார்டு தூக்கப்பட்டுடுது. ஒர்க்க்யூல (அப்புறமா ஓட்ட வேண்டிய வேலைகளை கெர்னல் போட்டு வைக்கிற லிஸ்ட்) எப்படி வரிசை கட்டுறதுன்னு கேக்குறீங்க.

என் பதில், வரிசை கட்டவே கட்டாதீங்க. ஹார்ட்வேர் கிட்டயே வரிசை கிடையாது. ஸ்லாட்டோட நிலைமையை காட்டுற ஸ்லாட் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டர்ல பிட் 3 பிரசன்ஸ் (கார்டு இருக்கா இல்லையாங்கிறது) மாறிடுச்சுன்னு சொல்லும், பிட் 8 லிங்க் மாறிடுச்சுன்னு சொல்லும், அவ்வளவுதான். நீங்க படிக்கிறதுக்குள்ள கார்டு வெளிய போயி உள்ள வந்தாலும் அந்த பிட் வெறும் 1தான், எது முன்னாடி நடந்துச்சுன்னு அதுல இருந்து எடுக்கவே முடியாது. உங்க க்யூல இருக்கிற வரிசை உங்க கோட்ல இருக்கிற இஃப் வரிசை மட்டும்தான்.

லினக்ஸோட ஹாட்பிளக் டிரைவரான பிசிஐஇஹெச்பியும் முன்னாடி ஈவென்ட் ஒவ்வொண்ணையும் தனித்தனியா ஒர்க்க்யூல போட்டுட்டுதான் இருந்துச்சு, 2018ல 4.19 கெர்னல்ல அதை மாத்திட்டாங்க. இப்போ இன்டரப்ட் (ஹார்ட்வேர் அனுப்புற சிக்னல்) வந்ததும் ஓடுற ஹேண்ட்லர் பிட்டுகளை படிச்சு, கிளியர் பண்ணி, ஒரு அட்டாமிக் வேரியபிள்ல (ஒரே நேரத்துல ரெண்டு பேர் தொட்டாலும் குழம்பாதது) சேர்த்து வைக்கும், திரெட் அதை மொத்தமா எடுத்துக்கும். ஸ்லாட் ஆன்ல இருக்கும்போது ரெண்டு பிட்ல எது வந்தாலும் சரி, முதல்ல பழைய டிவைசை இறக்கிடும். அப்புறம்தான் ரிஜிஸ்டரை புதுசா படிச்சு, கார்டோ லிங்க்கோ இருந்தா ஏத்தும். "கார்டுதான் இப்போ இருக்கே, எதுக்கு இறக்கணும்"னு தோணும், தயவுசெஞ்சு அதை ஸ்கிப் பண்ணாதீங்க, இருக்கிறது வேற கார்டா இருக்கலாம், அதே கார்டுன்னாலும் பவர் போயி வந்ததுல அதோட பிஏஆர் (கார்டுக்கு ஒதுக்கின மெமரி அட்ரஸ்) செட்டிங் எல்லாம் அழிஞ்சிருக்கும். ஸ்லாட்டை நிறுத்தச் சொல்ற டிசேபிள் ரிக்வெஸ்ட் பெண்டிங்ல இருந்தா மட்டும் அதுக்குத்தான் முதலிடம், பிரசன்ஸ், லிங்க் பிட்டை அப்போ பாக்க வேண்டாம்.

எம்எஸ்ஐ (தனி ஒயர் இல்லாம மெசேஜா இன்டரப்ட் அனுப்புற முறை) யூஸ் பண்றீங்கன்னா இன்னொண்ணு, இதுலதான் நிறைய பேர் நாள்கணக்கா மாட்டிக்கிறாங்க: எல்லா ஈவென்ட் பிட்டும் ஜீரோ ஆனாதான் போர்ட் அடுத்த இன்டரப்ட் அனுப்பும். நீங்க படிச்சதுக்கும் கிளியர் பண்றதுக்கும் நடுவுல புது பிட் ஏறிட்டா அதோட ஸ்லாட் ஊமையாயிடும். அதனால ஜீரோ வர்ற வரைக்கும் லூப்ல படிங்க. தண்டர்போல்ட் மாதிரி செயின்ல மேல இருக்கிற போர்ட்டே போயிட்டா ரிஜிஸ்டரை படிச்சா எல்லா பிட்டும் 1ஆ, 0xஎஃப்எஃப்எஃப்எஃப்னு வரும், அதை ஈவென்ட்டா எடுத்துக்காம உடனே வெளிய வந்துடுங்க, இல்லன்னா இந்த லூப் முடியவே முடியாது.