புல் பாலம் – கடிதம்

வணக்கம். பெருவின் கெஸ்வாசாக்கா பாலம் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். பக்கத்திலேயே இரும்புப் பாலம் இருக்க, வருடாவருடம் புல்லைத் திரித்துப் பாலம் கட்டுவது சுற்றுலாப் பயணிகளுக்கான வேடிக்கைதானே? அதோடு, புல் எப்படி ஆளைத் தாங்கும்?

– வாசகர், கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். பலமெல்லாம் முறுக்கில் இருக்கிறது. கோயா என்னும் மலைப்புல்லைக் கல்லால் தட்டி, நீரில் ஊறவைத்து, ஈரம் காயுமுன் உள்ளங்கைகளுக்கிடையே திரிப்பார்கள். காய்ந்துவிட்டால் திரிக்கும்போதே ஒடியும். இந்த மெல்லிய கயிறுகளில் முப்பது வாக்கில் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கினால் ஒரு புரி. அவிழப் பார்க்கும் ஒரு முறுக்கை மற்றது இறுக்கிப் பிடிக்கும். மூன்று புரிகளைப் பின்னினால் தொடைப் பருமனில் ஒரு வடம். தரைக்கு நான்கு, கைப்பிடிக்கு இரண்டு. அபுரிமாக் ஆற்றுக்கு மேலே சுமார் 30 மீட்டர் நீளம்.

சிக்கல் வடத்தை இழுத்துக் கட்டுவதில்தான். இரு கரையிலும் ஆட்கள் மணிக்கணக்காக இழுப்பார்கள். தரை வடம் நான்கும் ஒரே மட்டத்தில் தொங்க வேண்டும். ஒன்று தொய்ந்தாலும் நடைபாதை சாயும், அதன் பாரமும் மற்றவற்றின் மேல் ஏறும். புது வடம் அக்கரைக்குப் போகப் பழைய பாலமே வழி. பிறகு பழையதை வெட்டி ஆற்றில் விட்டுவிடுவார்கள். புல்தானே!

ஜூனில் பாலம் கட்டும்போது வேடிக்கை பார்க்கக் கூட்டம் வருவது உண்மை. இதைப் புதுப்பிக்கும் மரபு 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆனால் வேலை உவின்சிரி, சௌபிபண்டா, சோக்காய்வா, கொயானா கேவே என்ற நான்கு ஊர்களுடையது. ஒவ்வொரு குடும்பமும் தன் பங்குக் கயிற்றைத் திரித்துக்கொண்டு வரவேண்டும். இந்தக் கூட்டுழைப்புக்கு மிங்கா என்று பெயர். பெருந்தொற்றால் 2020இல் புதுப்பிக்கவில்லை. 2021 மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது. சுற்றுலா முடங்கிக் கிடந்த அந்த ஜூனிலேயே மறுபடி கட்டினார்கள். வேடிக்கைக்காக என்றால் காத்திருந்திருக்கலாம்.

என் சந்தேகமெல்லாம் அரசு இந்தக் கூட்டுழைப்பு மரபைக் கையிலெடுக்கும்போதுதான். ஸ்பானியர் வருமுன் பெருவை ஆண்ட இன்காக்களின் உழைப்பு வரியான மித்தாவைக் கொண்டே ஸ்பானியர்கள் (இன்றைய பொலிவியாவிலுள்ள) பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு ஆள் பிடித்தார்கள். பெரு விடுதலை பெற்றுக் குடியரசான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 1920இல் குடியரசுத் தலைவர் லெகியாவின் சட்டம் 18 முதல் 60 வயது வரையான ஆண்களை ஆண்டுக்குச் சில நாள் சாலை வேலைக்கு இழுத்தது. பணம் கட்ட முடிந்தவர்கள் தப்பினார்கள், மலை விவசாயிகள் மாட்டிக்கொண்டார்கள். 1930இல் லெகியா கவிழ்ந்த பிறகுதான் அது ஒழிந்தது.