படத்தில் இருக்கும் கடல் நத்தை புதிய இனமா? பெயர் வைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி: ஓய்வு நாட்களில் கடலில் மூழ்கிப் படம் எடுப்பது என் பழக்கம். பவளப்பாறை ஒன்றில் விரல் நீளம்கூட இல்லாத, ஓடில்லாத கடல் நத்தை ஒன்றைப் பார்த்தேன். வெளிர் ஊதா உடல், மஞ்சள் ஓரம், முதுகில் கருஞ்சிவப்புப் புள்ளிகள். என்னிடம் உள்ள எந்தக் கையேட்டிலும் இது இல்லை. புதிய இனம்தானா என்று எப்படி உறுதி செய்வது? அப்படியானால் பெயர் வைப்பது யார்? என் மகளின் பெயரை வைக்க முடியுமா?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். ஓடில்லாத கடல் நத்தைகளில் நியூடிபிராங்க் என்ற ஒரு பிரிவில் மட்டும் 3,000 இனங்களுக்கு மேல் பெயர் வைத்தாகிவிட்டது. பெயர் கிடைக்காமல் கையேடுகளில் ‘எஸ்பி. 1’, ‘எஸ்பி. 2’ என்று எண்ணோடு நிற்பவையும் ஏராளம். ஆகவே நீங்கள் பார்த்தது புதியதாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் கையேட்டில் இல்லை என்பது மட்டும் போதாது. உங்கள் நத்தை மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று சொல்வது வேலையில் பாதிதான். இதுவரை வைக்கப்பட்ட எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தாது என்று காட்டுவதுதான் கடினமான மறுபாதி.

முதலில் நிறத்தைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். படம் எடுப்பவர்களுக்கு நிறம்தான் முதலில் கண்ணில் படும், ஆனால் இந்த உயிரிகளில் அதிகம் ஏமாற்றுவதும் அதுவே. குஞ்சுகள் வளர்ந்தவற்றைப் போல இருப்பதில்லை. சில இனங்களின் நிறம் தின்னும் உணவைப் பொறுத்து மாறும். குரோமோடோரிஸ் என்ற பேரினத்தில் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி) 2018-ல் வந்த மரபணு ஆய்வு, ஒரே இனம் இடத்துக்கு இடம் வேறு கோலத்தில் இருப்பதையும், வெவ்வேறு இனங்கள் ஒரே கோலத்தைப் போட்டுக்கொள்வதையும் காட்டியது. விஷமோ கசப்போ உள்ள நத்தைகள் ஒரே மாதிரியான எச்சரிக்கை நிறங்களை வைத்துக்கொண்டால், மீன்கள் சீக்கிரமே பாடம் கற்றுக்கொள்ளும். இப்படிப் பொதுவான கோலத்தால் எல்லாவற்றுக்கும் லாபம்.

அடுத்தது பழைய பெயர்கள். விலங்குகளின் பெயர்க் கணக்கு 1758-ல் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸின் நூலிலிருந்து தொடங்குகிறது. ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் வந்துவிட்டால் முதலில் வந்ததற்கே பொதுவாக முன்னுரிமை. 19-ஆம் நூற்றாண்டில் டென்மார்க் மருத்துவர் ருடால்ஃப் பெர்க் போன்றவர்கள், சாராயத்தில் ஊறிக் கிடந்த உடல்களை அறுத்துப் பார்த்துப் பல இனங்களை விவரித்தார்கள். சாராயத்தில் நிறம் போய்விடும். அதனால் அந்தக் காலத்து விவரிப்புகள் பலவற்றில் பற்களும் குடலும் நுணுக்கமாக இருக்கும், உயிரோடு என்ன நிறம் என்பது இருக்காது. உங்கள் ஊதா நத்தை அப்படி ஒரு பழைய பெயருக்குள் ஒளிந்திருக்கலாம். இதைச் சரிபார்க்க கடல் உயிரினங்களின் உலகப் பதிவேடான வோர்ம்ஸ் தளத்தில் அந்தப் பேரினத்தின் எல்லாப் பெயர்களையும், கைவிடப்பட்டவை உட்பட, எடுத்து மூல விவரிப்பு ஒவ்வொன்றையும் படிக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் ஆசிரியரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அந்த இனம் முதலில் வேறு பேரினத்தில் இருந்தது என்று அர்த்தம். ஆகவே தேடலை ஒரு பேரினத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

இவ்வளவுக்கும் உங்களுக்கு உடல் மாதிரி வேண்டும். படம் மட்டும் வைத்து எந்த வகைப்பாட்டியலாளரும் நம்பிக்கையோடு எழுத மாட்டார். பல நாடுகளில் கடலிலிருந்து உயிரியை எடுக்க அனுமதி தேவை. மாதிரியை வேறு நாட்டுக்கு அனுப்பவும் மரபணு ஆய்வு செய்யவும் தனி விதிகள் இருக்கலாம். அதனால் நீங்களாக எடுத்து வராமல், ஒரு அருங்காட்சியகத்தையோ பல்கலைக்கழக ஆய்வாளரையோ முதலில் தொடர்புகொள்ளுங்கள். நல்ல படங்களோடு எழுதினால் பெரும்பாலும் பதில் வரும்.

அதுவரை உங்கள் கையில் இருக்கும் வேலை படங்கள்தான், அதில் குறை வைக்காதீர்கள். முதுகு, பக்கம், அடிப்பாதம், தலையிலுள்ள உணர்கொம்புகள், பின்புறச் செவுள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஊர்ந்துகொண்டிருக்கும்போது நீளம் எவ்வளவு, ஆழம், இடம், தேதி, எதன் மேல் உட்கார்ந்திருந்தது என்பதைக் குறித்துவையுங்கள். உணவு எது என்பது பெரிய துப்பு: பல நத்தைகள் குறிப்பிட்ட ஒரு கடற்பஞ்சையோ, செடி போலத் தெரியும் ஹைட்ராய்டு என்ற சிறு கடல் உயிரியையோ மட்டுமே தின்கின்றன. பக்கத்தில் சுருள் நாடாவாக முட்டை இருந்தால் அதையும் படமெடுங்கள்.

அனுமதி உள்ளவர் மாதிரி எடுக்கும்போது நீங்களும் கூட இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். உயிரோடு சாராயத்தில் போட்டால் நத்தை சுருண்டு, செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு எதையும் அளக்க முடியாது. மெக்னீசியம் குளோரைடு கரைசலில் மெல்லத் தளரவிட்டு, பாதத்தின் ஓரத்திலிருந்து சிறு துண்டை வெட்டி 95 சதவீத எத்தனாலில் வைக்க வேண்டும். அது டிஎன்ஏவுக்கு. மீதி உடலை உறுப்பு ஆய்வுக்காக ஃபார்மலினில் பதப்படுத்தி, பின்னர் 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுவார்கள். ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும் என்பதால்தான் துண்டை முதலில் எடுப்பது. பென்சிலால் எழுதிய சீட்டு குப்பிக்கு உள்ளேயே இருக்கட்டும், பேனா மை கரைந்துவிடும். முடிந்தால் வளர்ந்தவை சில வேண்டும். ஒன்றை வைத்தும் விவரிக்க விலங்குப் பெயரிடும் விதி அனுமதிக்கிறது, ஆனால் அதில் எது இனத்தின் அடையாளம், எது அந்த ஒன்றின் தனித்தன்மை என்று பிரிக்க முடியாது.

ஆய்வகத்தில் இரண்டு உறுப்புகள் முக்கியம். ஒன்று ராடுலா, உணவைச் சுரண்டும் அரம் போன்ற பல் நாடா. வாய்ப் பகுதியின் சதையைச் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்தால் பற்கள் மட்டும் மிஞ்சும், அவற்றை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து வரிசைகளையும் வடிவத்தையும் எண்ணுவார்கள். ஃபில்லிடியா குடும்பத்துக்கு ராடுலாவே கிடையாது, அதுவும் ஒரு அடையாளம்தான். இன்னொன்று இனப்பெருக்க உறுப்பு. இவை ஒவ்வொன்றும் இருபால் உயிரி, உள்ளே விந்தைச் சேமிக்கும் பைகளும் குழாய்களும் சிக்கலாக அமைந்திருக்கும். வெளியே ஒன்றுபோல் தெரிந்த நத்தைகள் பல முறை இங்கேதான் பிரிந்திருக்கின்றன. கடல் மேற்பரப்பில் மிதக்கும் நீல நிற குளாக்கஸ் மார்ஜினேட்டஸ் ஒரே இனம் என்று நெடுநாள் நினைத்தார்கள். 2014-ல் மரபணுவையும் இந்த உறுப்புகளையும் சேர்த்துப் பார்த்து, அதிலிருந்து மூன்று புதிய இனங்களைப் பிரித்தார்கள்.

மரபணு மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். வழக்கமாக சிஓஐ என்ற மரபணுவில் சுமார் 650 எழுத்துகளை ஒப்பிடுவார்கள். ‘இத்தனை சதவீதம் வேறுபட்டால் புதிய இனம்’ என்று எல்லாப் பேரினத்துக்கும் பொருந்தும் எண் எதுவும் இல்லை. டிஎன்ஏவும் உடலமைப்பும் ஒரே முடிவைச் சொன்னால்தான் எனக்கு நிம்மதி. எந்தப் பேரினம், எந்தக் குடும்பம் என்று முடிவு செய்வதும் மரபணுக்களை ஒப்பிட்டு வரையும் உறவு மரத்தில் அது எங்கே உட்காருகிறது என்பதை வைத்தே. சில நேரம் எங்குமே பொருந்தாது: ஆழ்கடலின் நடுநீரில் நீந்தும் பாதிடேவியஸ் காடாக்டைலஸ் முதலில் காணப்பட்டது 2000-ல். 2024-ல் பெயர் வைத்தபோது அதற்காகத் தனிக் குடும்பமே உருவாக்க வேண்டியிருந்தது.

கடைசியில் பெயர். 2000 முதல் வரும் புதிய இனத்துக்கு, பெயரைத் தாங்கும் ஹோலோடைப் மாதிரியைக் குறிப்பிட்டு, அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று எழுதியாக வேண்டும். மற்ற இனங்களிலிருந்து பிரிக்கும் பண்புகளையும் சொல்ல வேண்டும். 2012 முதல் இணைய இதழிலும் வெளியிடலாம், ஆனால் கட்டுரையை விலங்குப் பெயர்களுக்கான ஜூபேங்க் பதிவேட்டில் பதிவு செய்திருக்க வேண்டும். முகநூலில் படத்தோடு பெயர் போட்டால் அது செல்லாது, பின்னால் வருபவர்களுக்குக் குழப்பம்தான். அதுவரை ‘எஸ்பி.’ என்றே எழுதுங்கள்.

மகளின் பெயர் சாத்தியமே. பெயரைத் தேர்வது கட்டுரையை எழுதுபவரின் உரிமை. கண்டுபிடித்தவர் கேட்டால் பலர் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்கள். பெண்ணின் பெயரானால் லத்தீன் முறைப்படி ‘ஏ’ விகுதி சேரும், ஆணுக்கு ‘இ’. மேலே சொன்ன மூன்று குளாக்கஸ் இனங்களில் பென்னட்டே ஒரு பெண்ணின் பெயர், தாம்ப்சோனி ஒரு ஆணின் பெயர். அதே பேரினத்தில் அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடச் சொல்லுங்கள். இருந்தால் உங்கள் பெயர் நிற்காது.