லண்டனில் அப்பாவுக்கு மூச்சு வருத்தம், வீடெல்லாம் பூஞ்சணம். வேறு கவுன்சில் வீட்டுக்கு மாறக் கேட்டோம்; கவுன்சில் (உள்ளூராட்சி சபை) மருத்துவ முன்னுரிமை தர மறுத்துவிட்டது. மறுபரிசீலனை கேட்டுப் பயன் உண்டா?

கேளுங்கள். கடிதத்தில் போட்டிருக்கும் கெடு தாண்டுவதற்குள் கேளுங்கள்; எங்களுக்கு அது 21 நாள். நான் வழக்கறிஞர் இல்லை, ஒரு கவுன்சிலோடு இரண்டு வருடம் இழுபட்டவன், அவ்வளவுதான். ஸ்கொட்லாந்து, வேல்ஸ் சட்டம் வேறு. பிறகு வந்து என்னைத் திட்ட வேண்டாம்.

நீங்களும் எங்களைப் போல வருத்தங்களின் பெயரை வரிசையாக எழுதி, மருந்துப் பட்டியலை இணைத்து அனுப்பியிருப்பீர்கள்.

அம்மாவுக்கு அப்போது 71 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்தவை, இதய வருத்தமும் உண்டு. வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, 48 படி. வந்த பதில் ஒரே பக்கம்: முன்னுரிமை இல்லை. அம்மா நலமாக இருப்பதாக ஜிபியின், அதாவது குடும்ப டொக்டரின், குறிப்பில் இருக்கிறதாம். எப்படி இராது? டொக்டர் "ஹவ் ஆர் யூ" என்றால் அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு "ஃபைன் டொக்டர், தாங்க்யூ" என்பார். வீட்டுக்கு வந்து காலை நீட்டிக்கொண்டு அழுவார். முடிவுக்குக் கருத்து எழுதியவரோ அம்மாவைக் கண்ணாலும் கண்டதில்லை. கவுன்சில் காசு கொடுத்து வைத்திருக்கும் மருத்துவ ஆலோசகர். கடதாசியைப் பார்த்தே எழுதுகிறவர்.

சட்ட உதவி நிலையத்தில் ஒரு பெண்தான் விளங்கப்படுத்தினார். 1996 வீடமைப்புச் சட்டத்தின் 166ஏ பிரிவு, மருத்துவக் காரணத்துக்காக இடம் மாற வேண்டியவர்களுக்கு நியாயமான முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது. வருத்தம் இருப்பது வேறு, அதனால் இடம் மாற வேண்டியிருப்பது வேறு. நாங்கள் முதலாவதை மட்டும் எழுதியிருந்தோம். நோயாளியை நேரில் பார்க்காத ஆலோசகரின் கருத்தை எடுக்கும்போது, அவர் பார்க்கவில்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2007-இல் பர்மிங்ஹாம் கவுன்சில் வழக்கொன்றில் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதையும் காட்டினார். அது வீடற்றோர் வழக்கு. இருந்தாலும் எங்கள் கடிதத்தில் போட்டோம்.

அப்புறம் அந்தக் கதிரை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அம்மா ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கதிரை வைத்திருந்தார். கடைக்குப் போய் வந்தால் மரக்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அதில் இருப்பார். "நீ போ, நான் இதில கொஞ்சம் இருந்திட்டு வாறன்." ஒருநாள் கதிரையில் மஞ்சள் ஸ்டிக்கர்: தீ விபத்தில் வெளியேற இடையூறு, ஏழு நாளில் அகற்றவும். ஒட்டியது அதே கவுன்சிலின் கட்டடப் பிரிவு. எனக்கு ஆத்திரம், அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு. "கிழிக்க வேண்டாம், படம் எடுங்கள்" என்றார். ஒரு பிரிவு இவர் படியேறுவார் என்கிறது. இன்னொரு பிரிவு அவர் இடைவழியில் இளைப்பாறும் கதிரையைத் தூக்கச் சொல்கிறது. அந்தப் படம், ஏறி முடிக்க எத்தனை நிமிடம் என்று இரண்டு வாரம் எழுதிய கொப்பி, ஜிபியின் புதுக் கடிதம் எல்லாம் போயின. ஓ.டி. ஒருவர் (அன்றாட வேலைகளை எப்படிச் செய்கிறோம் என்று மதிப்பிடும் சிகிச்சையாளர்) வந்து அம்மாவோடு சேர்ந்து படியேறினார். பாண்ட், அதாவது முன்னுரிமைப் படிநிலை, மாறியது. அதற்குப் பிறகும் 14 மாதம் காலியாகும் வீடுகளுக்குப் பெயர் கொடுத்து 'பிட்' பண்ணித்தான் கீழ்த்தளத்தில் வீடு கிடைத்தது.

உங்களுக்கு வேறொரு சிக்கல் வரும். "பூஞ்சணத்தைத் திருத்தித் தருகிறோம், மாறத் தேவையில்லை" என்பார்கள். ரொச்டேலில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை பூஞ்சணத்தால் இறந்த பிறகு வந்த சட்டம் 2025 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கவுன்சில், வீடமைப்புச் சங்க வீடுகளில் பாரதூரமான பூஞ்சணம் என்றால் பத்து வேலை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். ஆகவே முறையிட்ட திகதி, திருத்தியும் திரும்பி வந்ததற்குப் படம், அந்த நாட்களில் அப்பா ஆஸ்பத்திரி போன பதிவு எல்லாவற்றையும் ஒன்றாக வையுங்கள்.

"வருத்தத்தைக் காட்டி வீடு எடுத்தவர்கள்" என்று எழுத ஆட்கள் வருவார்கள், தெரியும். எங்கள் குடும்பத்திலேயே உண்டு. சித்தப்பா தன் கவுன்சில் ஃபிளாட்டைக் கழிவு விலையில் வாங்கி, இன்று நாலு பெடியங்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கிறார். அது கெட்டித்தனமாம். ஒரு சாமத்திய வீட்டில் சோற்றுத் தட்டோடு வந்து நின்று, "மச்சாள் நல்லாத்தானே நடக்கிறா, பேந்தென்ன மெடிக்கல்?" என்று என்னிடம் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "ஓம், கடவுளே எண்டு நல்லா இருக்கிறன்" என்றார்.