ஆர்சி (ரிமோட்டில் ஓட்டும் பொம்மைப்) படகு வேகம் எடுத்தால் மூக்கைத் தூக்கித் துள்ளுகிறதே, பேட்டரியை எங்கே வைப்பது?

ஒற்றை அடிப்பகுதி கொண்ட வி வடிவப் படகென்றால், எடைமையம் பின்பலகையிலிருந்து மொத்த நீளத்தில் சுமார் 30% தூரத்தில் இருக்கட்டும். 70 செ.மீ. படகுக்கு அது 21 செ.மீ. ஆகும். சுக்கான், ப்ரொப்பெல்லர் நீட்சியை அளவில் சேர்க்காதீர்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்.

பேட்டரி, மூடி எல்லாம் மாட்டிய பிறகே அந்த இடத்தில் இரு பக்கமும் விரலில் தாங்கிப் பாருங்கள். வால் தாழ்ந்தால் எடை பின்னால் இருக்கிறது. துள்ளலுக்குப் பெரும்பாலும் அதுவே காரணம், காற்று அடியில் புகுந்தால் குப்புறக் கவிழ்த்தும் விடும். பேட்டரியை 5 மி.மீ. முன்னே தள்ளி ஓட்டிப் பாருங்கள், போதாவிட்டால் இன்னொரு 5. அளவு மீறினால் மூக்கு தண்ணீரைக் கிழிக்கும், வேகம் குறையும், திருப்பத்தில் முன்பக்கம் கொக்கி போட்டதுபோல் சுழலும்.

ஓட்டத்தில் ஒரு பக்கம் சாய்ந்தால் அது ப்ரொப்பெல்லரின் எதிர்முறுக்கு, அதாவது அது சுழலும் திசைக்கு எதிராகப் படகைச் சாய்க்கும் விசை. பேட்டரியைச் சற்றே மறுபக்கம் நகர்த்துங்கள். வெல்க்ரோ பட்டை இறுக்கமாக இல்லையென்றால் இதெல்லாம் வீண்.